நூற்றுப் பன்னிரண்டு கிலோ

லெச்சே, இத்தாலி
15 நவம்பர் 2001

என் கரடியே,

இன்றைக்கு நோன்பு ஆரம்பம். கிறிஸ்துமஸ் வரை நாற்பது நாள். உனக்கு ஞாபகம் இருக்காது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நம் ஊருக்குச் சாமானும் கடிதமும் கொண்டுபோகிற வேன் சனிக்கிழமை இங்கிருந்து கிளம்பினால் திங்கள்கிழமை பல்கேரியாவில் நம் வாசலுக்கு இந்தக் கடிதம் வந்துவிடும். அதுவரை தின்றது தின்றதாகவே இருக்கட்டும். அதற்குப் பிறகு இறைச்சி கிடையாது, பாலாடைக்கட்டி கிடையாது, முட்டை கிடையாது.

பக்தி முற்றிப்போய் இதைச் சொல்லவில்லை. அக்டோபரில் உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வருவதற்காக நான் வந்திருந்தபோது டாக்டரம்மா சொன்னதை நினைத்துப் பார். இதயம் களைத்துப் போயிருக்கிறது, பண்டிகைக் காலம் வருகிறது, எடை ஏறக் கூடாது, ஏறினால் உடனே வாருங்கள் என்றாள். நீ சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொன்னது நான்தான். உப்பைக் குறைக்கவும் சொன்னாள். உப்பு டப்பாவை மேல் தட்டில் மாவு ஜாடிக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். தேடாதே.

டிசம்பர் வந்தால் தெருவில் வீட்டுக்கு வீடு பன்றி வெட்டுவார்கள். கத்தி பிடிக்க டெச்கோவைப் போல ஆள் கிடையாது என்று உன்னைக் கூப்பிடுவார்கள். கத்தியோடு போவாய், வயிற்றோடு திரும்புவாய். போன வருடம் பண்டிகை முடியும்போது ஒன்பது கிலோ ஏறியிருந்தாய். இந்த வருடமும் ஏறினால் நான் உன்னைப் புதைக்கத்தான் வர வேண்டியிருக்கும்.

நீ வேலை செய்கிற மாவு மில்லில் மூட்டை நிறுக்கும் தராசு இருக்கிறதே, அதில் ஏறி நில். எண்ணை எழுதி அனுப்பு. கீழே மேஸ்திரி பென்யோவின் கையெழுத்து இருக்க வேண்டும். கட்டின புருஷனிடம் சாட்சி கேட்கிறாளே என்று கோபப்படாதே. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று மூன்று வருடம் என்னிடம் சத்தியம் செய்துவிட்டு மில்லுக்குப் பின்னால் நின்று புகைவிட்டவன் நீ.

உன் ரூஸ்கா

*

வீடு, 20 நவம்பர்

வாத்தே,

உத்தரவு வந்து சேர்ந்தது. என் வயிற்றுக்கு எஜமானி இத்தாலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று மில் முழுவதும் சொல்லிவிட்டேன். தராசில் ஏறினேன். பென்யோ கல்லை நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, "இந்த மூட்டைக்கு வாயைக் கட்டாம விட்டுட்டாங்களேடா" என்றான். நூற்று நான்கு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது நூற்று மூன்று. ஒரு கிலோ என்பது நான் போட்டிருந்த கோட்டு. கீழே அவன் கையெழுத்தைப் பார்.

ரொட்டி, பீன்ஸ், பூண்டுத்தாள், கோஸ். இதுதான் என் சாப்பாடு. அக்டோபரில் நீ போட்டுவிட்டுப் போன கோஸ் பீப்பாய் நன்றாகப் புளித்திருக்கிறது. பக்கத்து வீட்டு ஸ்தோய்னா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா அப்பம் கொண்டு வந்தாள். நோன்பு என்றேன். சிலுவை போட்டுக்கொண்டாள். பக்தியால் போட்ட மாதிரி தெரியவில்லை, பயந்துபோய்ப் போட்ட மாதிரி இருந்தது.

நம் வீட்டில் போன் இல்லாததும் நல்லதுதான். ஸ்தோய்னா வீட்டுப் போனில் நீ பேசினால் என் எடை தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

வேறு ஒன்றும் இல்லை. நீ அங்கே யாரோ ஒருத்தியின் தாயாருக்கு ஸ்பூனால் ஊட்டிவிடுகிறாய். எனக்கு மட்டும் உறையில் போட்டுத் திட்டு வருகிறது. குறையாகச் சொல்லவில்லை. சாயங்காலத்தில் அடுப்பு எரிகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேட்பதில்லை, அதனால் எழுதினேன்.

கரடி

*

லெச்சே, 30 நவம்பர்

கரடியே,

நூற்று நான்கு பரவாயில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு ஏறு.

ஸ்பூன் கதை எழுதியிருந்தாய். நான் இங்கே ஊட்டுவதால்தான் அங்கே அடுப்பாவது எரிகிறது. போ என்று சொன்னதும் நீதான், போனதற்குக் குத்திக் காட்டுவதும் நீதான். இதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம்.

ஒன்று செய். பீப்பாயில் கோஸ் ஊறின தண்ணீரைக் காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் குடி. நம் ஊரில் கல்யாணத்துக்கு முன்னால் எல்லாப் பெண்களும் குடிப்பதுதான். என் கல்யாண உடுப்பு இடுப்பில் தையல் விட்டபோது பதினைந்து நாள் குடித்தேன், அப்புறம் ஊக்கு கூடத் தேவைப்படவில்லை. அந்தத் தண்ணீர் கொழுப்பைக் கரைத்துவிடும். நோன்புக்கும் விரோதம் இல்லை. வாய் நமநமவென்று இருந்தால் ஊறின மிளகாயும் வெள்ளரியும் எடுத்துக் கடி.

வியாழக்கிழமை மதியம் எங்களுக்கு லீவு. பூங்காவில் நம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் கூடுவோம். ஸ்தோய்னாவின் மருமகள் ராத்காவும் வருகிறாள். ஊரில் நடப்பது எனக்கு அப்போதைக்கப்போது தெரிந்துவிடும். அதை மனதில் வைத்துக்கொள்.

ரூஸ்கா

*

வீடு, 11 டிசம்பர்

வாத்தே,

கோட்டு இல்லாமல்தான் ஏறினேன். நூற்று ஏழு.

எனக்கும் புரியவில்லை. நிகோலாஸ் திருநாளன்று மட்டும் ஒரு துண்டு கெண்டை மீன் தின்றேன், அன்றைக்கு மீன் தின்ன திருச்சபையே அனுமதி தந்திருக்கிறது. மற்றபடி கோஸ், மிளகாய், ரொட்டி. காலையும் மாலையும் பீப்பாய்த் தண்ணீர், நீ சொன்னபடி. அதைக் குடித்துவிட்டு மாடு மாதிரி குழாய்த் தண்ணீரும் குடிக்கிறேன், அவ்வளவு தாகம். பென்யோ கையெழுத்துப் போடும்போது, "உன் பொண்டாட்டி கடுதாசிக்குள்ளயே சோத்தை மடிச்சு அனுப்புறாளா என்ன?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பூட்ஸ் கடிக்கிறது. குளிரில் தோல் சுருங்கியிருக்கும்.

கோபப்படாதே. தராசை ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கரடி

*

லெச்சே, 14 டிசம்பர்

டெச்கோ,

தராசு சரியாகத்தான் இருக்கும். சரியில்லாதது நீதான்.

நேற்று பூங்காவில் ராத்கா எல்லாவற்றையும் சொன்னாள். போன வாரம் அவள் மாமியார் வீட்டில் பன்றி வெட்டினார்களாம். யார் கத்தி பிடித்தது என்று கேட்டேன். "வேற யாரு அக்கா, உன் வீட்டுக்காரர்தான்" என்றாள். அங்கே இருந்த பெண்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். முந்தின வாரம்தான் என் புருஷன் நோன்பு இருக்கிறான் என்று அவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

பன்றி வெட்டின வீட்டில் நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். இருபத்தெட்டு வருடம் பார்த்திருக்கிறேன். சட்டியிலிருந்து எடுத்த முதல் கறித் துண்டு உன் வாய்க்குத்தான் போகும். ரக்கியா சாராயமும் போயிருக்கும். அப்புறம் வீட்டுக்கு வந்து மீசையைத் துடைத்துக்கொண்டு "ஒரு துண்டு கெண்டை மீன்" என்று எழுதுகிறாய். கோஸ் தின்று மூன்று கிலோ ஏறின மனிதனை இந்த உலகத்தில் யாராவது பார்த்திருக்கிறார்களா?

நான் இங்கே இன்னொருத்தியின் படுக்கையைத் துவைக்கிறேன். நீ உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும்தான் துவைக்கிறேன். அதை நீ தின்று தீர்க்கிறாய்.

இனி ரொட்டியையும் நிறுத்து. பீப்பாய்த் தண்ணீர் மூன்று டம்ளர். கோஸை அதே தண்ணீரில் சூப்பாக வைத்துக் குடி. நான் தராசை நம்புகிறேன், உன்னை நம்பவில்லை.

ரூஸ்கா

*

வீடு, 19 டிசம்பர்

ரூஸ்கா,

நூற்றுப் பத்து. பென்யோ இந்தத் தடவை கல்லை இரண்டு முறை நகர்த்திப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

கத்தி பிடித்தது உண்மை. ஸ்தோய்னாவின் புருஷனுக்குக் கை நடுங்குகிறது, அவனால் அந்த மிருகம் கஷ்டப்படும், அதனால் போனேன். வெட்டிக் கொடுத்துவிட்டு வேலிப் பக்கம் உட்கார்ந்து என் பையில் இருந்த மிளகாயைத் தின்றேன். சட்டி கொதிக்கிற வாசனை வந்தது. பாவம் பார்த்து ஸ்தோய்னா ஒரு தட்டில் வைத்துக் கொண்டு வந்தாள். "எடுத்துக்கோ டெச்கோ, அவ கடல் தாண்டி இருக்கா" என்றாள். நான் தொடவில்லை. நீ கேட்டால் அவளிடமே கேள். அவளிடம் கேட்க மாட்டாய், மருமகளிடம்தான் கேட்பாய்.

சிகரெட் விஷயத்தில் பொய் சொன்னேன். ஒத்துக்கொள்கிறேன். இதில் சொல்லவில்லை.

பூட்ஸுக்குள் கால் போகவில்லை, உன் பழைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போகிறேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். சளியாக இருக்கும். வாசல் படி ஏழையும் ஏற இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

டாக்டரம்மாவிடம் ஒரு நடை போய்விட்டு வரலாமா என்று நினைக்கிறேன். எடை ஏறினால் வரச் சொன்னாள் அல்லவா. ஆனால் அவளும் உன்னைப் போலத்தான் கேட்பாள், என்ன தின்றாய் என்று. கோஸ் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நீயே நம்பவில்லை. போகட்டுமா? நீ சொல்.

டெச்கோ

*

லெச்சே, 21 டிசம்பர்

டெச்கோ,

இதுதான் பண்டிகைக்கு முன் கடைசி வேன். இனி ஜனவரி ஐந்துக்குப் பிறகுதான்.

டாக்டரம்மா முன்னால் இப்படிப் போய் நிற்காதே. நான் அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நீ போய் நின்றால் என்னைத்தான் கேவலமாக நினைப்பாள், புருஷனை விட்டுவிட்டுச் சம்பாதிக்கப் போனாள், அவன் ஊரெல்லாம் தின்று திரிகிறான் என்று. முதலில் நூற்றைந்துக்கு இறக்கு. அப்புறம் தலை நிமிர்ந்து போ.

கிறிஸ்துமஸ் அன்று நோன்பு முடிகிறது என்று பாய்ந்துவிடாதே. உனக்கு நோன்பு முடியவில்லை. ஜனவரி ஏழு, யோவான் திருநாள் வரை அப்படியே இரு.

மூச்சு முட்டுவதாக எழுதினால் நான் இரங்கிவிடுவேன் என்று நினைத்தாயா? அளவுக்கு மீறித் தின்றவன் எல்லாருக்கும் மூச்சு முட்டும்.

ரூஸ்கா

*

வீடு, 28 டிசம்பர்

வாத்தே,

வேன் இல்லை. எழுதி வைக்கிறேன், ஓடும்போது கொடுக்கலாம்.

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வந்தது. மில்லை மூடுவதற்கு முன் தராசில் ஏறினேன். நூற்றுப் பன்னிரண்டு. பென்யோ என் காலைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். குழி விழுந்தது, மாவில் விழுகிற மாதிரி, அப்படியே நின்றது. "என் வண்டியில ஏறுடா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றான். நூற்றைந்து ஆனதும் போகிறேன், அதுதான் வீட்டு உத்தரவு என்றேன். அவன் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான், அதை எழுத மாட்டேன்.

பண்டிகையன்று ஸ்தோய்னா வீட்டில் கூப்பிட்டார்கள். போகவில்லை. கோஸ் சூப்தான். மூன்று டம்ளர் தண்ணீரும் குடித்தேன், நாலாவதும் குடித்தேன், சீக்கிரம் இறங்கட்டும் என்று. பீப்பாயில் இப்போது தண்ணீர் கோஸுக்குக் கீழே போய்விட்டது. வெளியே தெரிகிற கோஸ் கெட்டுப்போகும் என்று ஒரு தட்டை வைத்து அமுக்கியிருக்கிறேன்.

இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை. நாற்காலியைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறேன். பனி பெய்கிறது. வாசலை யாரும் பெருக்கவில்லை.

இன்னும் நம்பவில்லையா நீ?

*

வீடு, 11 பிப்ரவரி 2002

என் கரடியே,

இன்று உனக்கு நாற்பதாம் நாள். காலையில் கோதுமை அவித்துச் சர்க்கரை கலந்து கல்லறைக்கு எடுத்துப் போனேன். வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். எல்லாரும் ஒரு கை வாங்கி, கடவுள் மன்னிக்கட்டும் என்று சொல்லித் தின்றார்கள். பென்யோ மட்டும் வாங்கவில்லை.

ஜனவரி மூன்றாம் தேதி காலை அவன்தான் உன்னைச் சன்னல் பக்கத்து நாற்காலியில் பார்த்திருக்கிறான். இங்கிருந்து லெச்சேயில் நான் வேலை பார்த்த வீட்டுக்குப் போன் செய்தார்கள். பஸ்ஸில் நாற்பது மணி நேரம் வந்தேன். வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். தின்றே செத்தாயே என்று திட்டினேன். பக்கத்தில் இருந்தவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

நான் வரும்போது உன்னைக் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். உன் கறுப்புக் காலணியின் பின்புறத்தைக் கிழித்துத்தான் மாட்ட முடிந்தது என்றாள் ஸ்தோய்னா. அப்போதுதான் அவளிடம் கேட்டேன், பன்றி வெட்டின அன்று அவன் எவ்வளவு தின்றான் என்று. அவள் என்னைப் பார்த்தாள். "ஒரு வாய் கூட இல்ல ரூஸ்கா. எடுத்துட்டுப் போயிடு, ரூஸ்காவுக்குத் தெரிஞ்சா கடுதாசி வரும்னான். தட்டை அப்படியே நாய்க்குக் கொட்டினேன்" என்றாள்.

மருமகள் சொன்னது கத்தியைப் பற்றி மட்டும்தான். தட்டைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

அடக்கம் முடிந்த பிறகு ரொட்டி வைக்கும் பெட்டிக்கு அடியில் உன் கடைசிக் கடிதம் கிடைத்தது. அதைப் படித்துவிட்டு டாக்டரம்மாவிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன். எடை ஏறக் கூடாது என்று சொன்னீர்கள், நாற்பது நாள் என் புருஷன் வெறும் கோஸைத் தின்று கிடந்தான், அப்படியும் ஏறினது, அப்படியும் செத்தான், நீங்கள் என்ன வைத்தியம் பார்த்தீர்கள் என்று கத்தினேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா கதவைச் சாத்தினாள். உட்காரச் சொன்னாள். என்னென்ன சாப்பிட்டார், ஒண்ணு விடாம சொல்லுங்க என்றாள். சொன்னேன். பீப்பாய்த் தண்ணீர் வரும்போது எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"பீப்பாய்ல என்ன போடுவீங்கம்மா?"

"கோஸ்."

"அப்புறம்?"

என் கைகளைப் பார்த்தேன்.

"உப்பு" என்றேன்.

"எவ்வளவு?"

ஐம்பது கிலோ கோஸுக்கு இரண்டு கிலோ. நானே அக்டோபரில் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன், நீ பக்கத்தில் நின்று பீப்பாயைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அந்தக் கையைக் கழுவிவிட்டுத்தான் உப்பு டப்பாவை மேல் தட்டில் ஒளித்தேன்.

அது கொழுப்பு இல்லை, தண்ணீர் என்றாள். உப்பு பிடித்து வைத்த தண்ணீர். பலவீனமான இதயம் அதை வெளியே தள்ள முடியாமல் காலில் நிற்கும், அப்புறம் நெஞ்சில் ஏறும். எடையைப் பார்க்கச் சொன்னது நீ குண்டாகிறாயா என்று தெரிந்துகொள்ள இல்லையாம். தண்ணீர் சேர்வது முதலில் தராசில்தான் தெரியுமாம், அதற்காகத்தான் ஏறினால் உடனே வரச் சொன்னாளாம். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தால் நாலு நாளில் மூத்திரமாகப் போயிருக்கும் என்றாள். நான் இதையெல்லாம் அப்போதே சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. சொன்னாளா என்று எனக்கும் ஞாபகம் இல்லை. பண்டிகை, எடை என்ற இரண்டு வார்த்தைதான் என் காதில் விழுந்தது. போன வருடத்து ஒன்பது கிலோதான் கண்ணில் நின்றது.

கடைசியில் கேட்டாள். "இவ்வளவு ஏறியும் அவர் ஏன் என்கிட்ட வரல?"

நான் எழுந்து வந்துவிட்டேன்.

லெச்சேக்குத் திரும்பப் போகவில்லை. அங்கே வேறு ஒருத்தியை வைத்துக்கொண்டார்களாம். பீப்பாயைத் தோட்டத்தில் கவிழ்த்தேன். நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. பென்யோ தெருவில் என்னைப் பார்த்தால் தொப்பியைத் தொடுகிறான், பேசுவதில்லை. நேற்று நானே அவனை மில் வாசலில் நிறுத்தினேன். என் புருஷனை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கலாமே, நீயும் விட்டுவிட்டாயே என்றேன். யாராவது ஒரு ஆளிடம் பழியில் பாதியைக் கொடுத்துவிட வேண்டும் போல இருந்தது. அவன் கோபப்படவில்லை.

"நான் ரெண்டு தரம் கூப்பிட்டேன். அவ சொல்லட்டும்னான். ஆனா ஒண்ணு சொல்றேன் ரூஸ்கா, அவனுக்கு ஆஸ்பத்திரின்னா பயம். அக்டோபர்லயே திரும்ப அங்க போனா வெளிய வரமாட்டேன்னு என்கிட்ட அழுதான். உன் கடுதாசி அவனுக்கு ஒரு சாக்கா கிடைச்சுதோ என்னவோ" என்றான்.

எனக்கு இரக்கப்பட்டுச் சொன்னானா, நிஜமாகவே நினைத்துச் சொன்னானா, தெரியவில்லை. நீ அழுததை என்னிடம் சொன்னதில்லை. நேற்றிலிருந்து அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நேரம் அது நிஜம்தான் என்று தோன்றுகிறது, உன்னை யார் சொல்லி எங்கே நகர்த்த முடிந்திருக்கிறது. அப்புறம் உன் கடிதத்தை எடுத்துப் பார்க்கிறேன். போகட்டுமா, நீ சொல் என்று உன் கையால் எழுதியிருக்கிறாய்.

நீ பொய்யனாகவே இருந்துவிட்டுப் போ, கோபமே இல்லை. இந்த ஒன்றை மட்டும் நிஜமாகச் சொல், கரடி. அந்தக் கடைசி வேனில் நான் "போ" என்று எழுதி அனுப்பியிருந்தால், நீ போயிருப்பாயா?